கேரவன் வாசற்படி: எந்தப் படி யாருக்கு ஒத்துவரும்?

காலை வைத்ததும் ‘டொக்’ என்று ஒரு விரற்கடை கீழே போகிற படி, கொஞ்சம் பழைய கேரவன் எல்லாவற்றிலும் உண்டு. கேரவன் என்றால் இங்கே காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற தங்கும் வண்டி. ஈஸ்டர் விடுமுறைக்கு முன்னால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் பலர் செய்கிற முதல் வேலை, அந்தப் படியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டுவது. இரண்டு பயணம் போனதும் புதுப் படியும் அதே ‘டொக்’ போடும். காரணம் படியில் இல்லை, படியைப் பிடித்திருக்கும் இரும்பில் இருக்கிறது. சில வண்டிகளில் அந்த இடத்தில் இரும்பே கிடையாது, வெறும் பிளைவுட் பலகைதான்.

தென்னாப்பிரிக்காவில் இப்போது கிடைக்கிற, அல்லது வரவழைக்கக் கூடிய, படி வகைகளை இங்கே எடைபோட்டிருக்கிறோம். தனியாகத் தூக்கி வைக்கும் மேடைப் படி, வண்டிக்கு அடியில் மடங்கும் படி, பொத்தானை அழுத்தினால் வெளியே வரும் மின்சாரப் படி, அமெரிக்காவிலிருந்து வரும் வாசலுக்குள் மடங்கும் படி, உள்ளூர் வெல்டரிடம் அளவு கொடுத்துச் செய்துகொள்ளும் படி. எல்லாருக்கும் ஒரே படி பொருந்தாது. ஸ்காட்பரோவிலோ இலோவோ கடற்கரையிலோ பத்து நாள் ஒரே இடத்தில் கூடாரம் போட்டு உட்காருகிறவருக்கும், க்ருகர் வனப்பூங்கா போய் ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு முகாமில் தங்குகிறவருக்கும் தேவை வேறு வேறு.

முதலில் டேப்பை எடுங்கள்

வண்டியை ரசமட்டம் வைத்துச் சமன் செய்து, நான்கு மூலைத் தாங்கிகளையும் இறக்கிய பிறகு, தரையிலிருந்து வாசல் தளம் வரை அளக்க வேண்டும். வீட்டு முற்றத்து சிமெண்டுத் தரையில் ஒரு அளவும், புல்தரையில் ஒரு அளவும் எடுத்தால் நல்லது. இரண்டுக்கும் ஐந்தாறு செ.மீ. வித்தியாசம் சாதாரணமாக வரும்.

வீட்டு மாடிப்படிக்கு இந்நாட்டுக் கட்டட விதியான சான்ஸ் 10400 சொல்லும் அளவு, ஒரு படியின் உயரம் 200 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, கால் வைக்கும் அகலம் 250 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது. கேரவனுக்கு அந்த விதி பொருந்தாது. ஆனால் முழங்காலுக்கு வீடும் கேரவனும் ஒன்றுதான், ஆகவே அளவுகோலாக அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

தளம் 48 செ.மீ. உயரத்தில் இருந்து ஒரே ஒரு தட்டு இருந்தால், ஏற வேண்டிய ஒவ்வொரு உயரமும் 24 செ.மீ. ஆகிறது. இளவட்டங்களுக்குப் பரவாயில்லை, பாட்டிக்கு ஆகாது. அதற்கே இரண்டு தட்டு வைத்தால் 16 செ.மீ. தளம் 58 செ.மீ. என்றால் இரண்டு தட்டில் 19 சொச்சம் வரும், அதுவும் சரி. கரடுமுரடு பாதைக்கென்று உயர்த்திக் கட்டிய வண்டியில் தளம் 75 செ.மீ. இருந்தால் இரண்டு தட்டு போதாது. மூன்று போட்டால் 19க்குக் கொஞ்சம் உள்ளே வரும். கடைசி ஏற்றம், அதாவது மேல் தட்டிலிருந்து வாசல் தளத்துக்கு ஏறுவதையும் ஒரு படியாக எண்ண வேண்டும். கடையில் ‘டூ ஸ்டெப்’ என்று சொன்னால் ஏறுவது மூன்று முறை. இந்தக் கணக்கில் தவறித்தான் பலர் தேவையில்லாமல் மூன்று தட்டுப் படி வாங்கிவிடுகிறார்கள். பிறகு கீழ்த்தட்டு தரையோடு தரையாகக் கிடந்து கால் தடுக்கும்.

அடுத்து அளக்க வேண்டியவை வாசலின் உள் அகலம், நிலைப்படிக்கு உள்பக்கம் எதுவும் இல்லாமல் காலியாக இருக்கும் தரையின் ஆழம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, கதவின் அடி விளிம்புக்கும் தளத்துக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்பவை. இந்த நாலும் கையில் இல்லாமல் கடைக்குப் போக வேண்டாம்.

‘டொக்’ எங்கிருந்து வருகிறது

நூறு கிலோ ஆள் ஒருவர், சட்டத்திலிருந்து 40 செ.மீ. வெளியே நீட்டியிருக்கும் தட்டின் மேல் நிற்கிறார் என்று வையுங்கள். தட்டுக்குக் கீழே தரையைத் தொடும் கால் எதுவும் இல்லை. மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையே 10 செ.மீ. இருந்தால், மேல் வரிசை போல்ட்டுகள் மீது வரும் இழுப்பு நானூறு கிலோ எடைக்குச் சமம். இரண்டு போல்ட் என்றால் ஒவ்வொன்றுக்கும் இருநூறு. இது அசையாமல் நிற்கும்போது. குழந்தை ஒன்று மேலிருந்து குதித்தால் இன்னும் ஏறும்.

இருநூறு கிலோ ஒரு எம்8 (8 மி.மீ. பருமன்) போல்ட்டுக்கு ஒன்றுமே இல்லை. 8.8 தரத்து எம்8 போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்குவது ஏறக்குறைய இரண்டு டன். ஆகவே போல்ட் அறுவதில்லை. அது நுழைந்திருக்கும் மெல்லிய தகடு நெளிகிறது, துளை முட்டை வடிவமாகிறது, பிளைவுட் நசுங்குகிறது. கனமான போல்ட் போட்டால் சரியாகும் என்று எம்8ஐ எம்12 ஆக்குகிறவர்கள் துளையைப் பெரிதாக்கி, மிச்சமிருக்கும் இரும்பையும் தின்றுவிடுகிறார்கள். செய்ய வேண்டியது வேறு: தகட்டின் மறுபக்கம் குறைந்தது 5 மி.மீ. கனத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பின்தகடு கொடுத்து இழுப்பைப் பரப்ப வேண்டும். அல்லது தரைக்கு ஒரு கால் கொடுத்து அந்த இழுப்பையே இல்லாமல் ஆக்க வேண்டும்.

இரண்டாவது சந்தேகம் கீல். அடியில் மடங்கும் பழைய படிகளில் கைகளை இணைப்பது ரிவெட். ரிவெட் தேய்ந்ததும் ஒவ்வொரு மூட்டிலும் அரை மி.மீ. ஆட்டம். எட்டு மூட்டு சேர்ந்து தட்டின் நுனிக்குப் போகும்போது அது பெரிதாகத் தெரியும். இதற்குப் புதுப் படி தேவையில்லை. ரிவெட்டின் தலையை கிரைண்டரில் சீவி, தட்டி வெளியே எடுத்து, பித்தளை புஷ் (துளைக்குள் செருகும் சிறு குழாய்) போட்டு, அதிர்வில் கழலாத நைலாக் நட்டோடு போல்ட் மாட்டினால் போதும். நட்டை இறுக்கிவிடக் கூடாது. கை மடங்க வேண்டும், ஆனால் பக்கவாட்டில் அசையக் கூடாது. ஒரு மதிய நேர வேலை.

மூன்றாவது சந்தேகத்தைப் பலர் மறந்தே போகிறார்கள். படி ஆடவில்லை, வண்டிதான் ஆடுகிறது. மூலைத் தாங்கிகளைச் சரியாக இறக்காத வண்டி ஸ்பிரிங்கின் மேல் தூளி மாதிரி ஆடும், பழி படி மேல் விழும்.

தூக்கி வைக்கும் மேடைப் படி

பிளாஸ்டிக் முக்காலியிலிருந்து, கால்களை நீட்டிக் குறுக்கிக்கொள்ளும் அலுமினிய இரட்டைப் படி வரை எல்லாம் இந்த வகையில் அடங்கும். பிளாஸ்டிக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒற்றைத் தட்டு, வெயிலில் ஓரிரு வருடத்தில் வெளுத்து, கால் மூலையில் விரிசல் விடும். விரிசல் தெரிந்த அன்றே தோட்டத்துக்குப் பூந்தொட்டி வைக்கக் கொடுத்துவிடுங்கள்.

அலுமினிய இரட்டை மேடை வேறு சங்கதி. பத்து நாள் ஒரே இடத்தில் தங்குகிறவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். எடை நேராகத் தரைக்குப் போகிறது, சட்டத்துக்கு எந்த இழுப்பும் இல்லை, வண்டியில் ஒரு துளைகூடப் போட வேண்டாம். வண்டியை ஒட்டிக் கட்டும் ராலி கூடாரத்துக்குள் இடம் மாற்றி வைக்கலாம், சிலவற்றில் கைப்பிடியும் படியோடு சேர்ந்தே வரும். தங்கும் இடத்தில் குறை ஒன்றுதான்: அவசரமாக இறங்குகிறவரின் கால் பட்டால் நகர்ந்துவிடும். மேல் தட்டின் பின்பக்கம் இரண்டு கொக்கிகளைப் போட்டு, வாசலுக்குக் கீழே சட்டத்தில் பொருத்திய ஒரு குழாயில் மாட்டிவிட்டால் அந்தக் குறையும் தீரும். பயணத்தின்போது அது வண்டிக்குள்தான் படுக்க வேண்டும் என்பதால் வழியில் ஒரு தேநீர் போடுவதற்கும் அதை இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும். தினமும் இடம் மாறுகிறவர் மூன்றாம் நாளே சலித்துப்போவார்.

அடியில் மடங்கும் படி

கையால் இழுத்து விரிக்கும் ஒற்றை, இரட்டைத் தட்டுகள். சேறும் கல்லும் படுகிற இடத்தில் தொங்குவதால் ஆயுள் முழுதும் அடிவாங்கிக்கொண்டே இருக்கும். இரட்டைத் தட்டு ஒன்றுக்குள் ஒன்று மடங்க வேண்டியிருப்பதால் தட்டின் அகலம் பெரும்பாலும் 20 செ.மீ.யைச் சுற்றியே இருக்கும். முழுப் பாதமும் அமராது, இறங்கும்போது உடலைப் பக்கவாட்டில் திருப்பித்தான் இறங்க வேண்டும். இருந்தும், தினம் ஒரு முகாம் என்று ஓடுகிறவர்களுக்கு இதைவிட வசதியான படி கிடையாது. என்3 நெடுஞ்சாலையில் மூயி ரிவர் பக்கம் ஐந்து நிமிடம் நிறுத்தி ஏறி இறங்க, ஒரு இழுப்பு போதும்.

வாங்கும்போது தட்டை முழுவதும் விரித்துப் பக்கவாட்டில் உலுக்கிப் பாருங்கள். புதிதிலேயே ஆட்டம் இருந்தால் வேண்டாம். பூட்டும் நாதாங்கி ஸ்பிரிங்கை மட்டும் நம்பி இருந்தால் கூடவே ஒரு குறுக்கு ஊசி போடத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். மண் சாலையின் அலை அலையான மேட்டில் ஒரு மணி நேரம் போனால் ஸ்பிரிங் மட்டும் பிடித்திருக்கும் படி தானாக இறங்கிவிடும். இறங்கிய படி வண்டியின் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், அதாவது ஓரமாக நடந்து போகிறவர்கள் பக்கம்.

கீல்களுக்கு கிரீஸ் பூச வேண்டாம். கிரீஸோடு செம்மண் தூசி சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி அரைக்கும். உலர்ந்த கிராஃபைட் தூள் அல்லது உலர்ந்ததும் ஒட்டாத பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) தெளிப்பான் போதும்.

இந்தப் படிக்கு அடியில் திருகி உயர்த்தும் சிறு ஜாக்கி ஒன்று தனியாக விற்கிறார்கள். சின்னப் பொருள்தான், ஆனால் கொடுத்த காசுக்கு மேல் பலன் தரும். கீழ்த்தட்டின் நடுவில் வைத்து, தட்டைத் தொட்டதும் கால் சுற்று மட்டும் கூட்டினால் முன்னே சொன்ன நானூறு கிலோ இழுப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். அதற்கு மேல் திருகினால் படி சட்டத்தை மேலே தள்ள ஆரம்பிக்கும், மெல்லிய கைகள் வளையும்.

மின்சாரப் படி

தூலே போன்ற ஐரோப்பிய நிறுவனங்களின் 12 வோல்ட் படிகள் மோட்டார் ஹோமுக்கென்று அமைந்தவை. மோட்டார் ஹோமில் எஞ்சினை ஓட்டியதும் படி தானாக உள்ளே போகும்படி இணைப்புக் கொடுக்கலாம். கேரவனுக்கு எஞ்சின் இல்லை. படி வெளியே நீட்டியிருக்க, அதை இழுக்கும் பாக்கி (பிக்கப் வண்டி) கிளம்பிவிடும். பாட்டரி இறங்கிய இரவில் படியும் கிடையாது. கேரவனுக்குப் பரிந்துரைக்க மாட்டோம். அதே நிறுவனங்களின் கையால் இழுக்கும் வகை இருந்தால் அதைப் பாருங்கள்.

அமெரிக்காவின் வாசல் மடிப்புப் படி

லிப்பர்ட் நிறுவனத்தின் சாலிட்ஸ்டெப், மோர்ரைடு நிறுவனத்தின் ஸ்டெப்அபவ் இரண்டும் இந்த வகையில் பேர்போனவை. அடியில் எதுவும் தொங்காது. வாசல் தளத்தின் மேலேயே கீல் வைத்து, முழுப் படிக்கட்டும் செங்குத்தாக உள்ளே மடங்கி, கதவுக்குப் பின்னால் நிற்கும். வெளியே தள்ளி இறக்கினால் இரண்டு நீளக் கால்கள் தரையைத் தொடும். கால்களின் நீளத்தைத் துளையும் ஊசியும் வைத்து மாற்றிக்கொள்ளலாம். டார்க்லிஃப்ட் நிறுவனத்தின் க்ளோஸ்டெப் கொஞ்சம் வேறு மாதிரி. கத்தரிக்கோல் போல நீண்டு சுருங்கும்.

ஏறிப் பார்த்தால் உடனே வித்தியாசம் தெரியும். இரண்டு முனையிலும் தாங்கல் இருப்பதால் வீட்டுப் படி போல உறுதியாக நிற்கும். தட்டு அகலமானது, முழுப் பாதமும் அமரும். இந்த வகையை அமெரிக்கர்கள் புகழ்வதில் பொய் இல்லை.

ஆனால் அது அவர்கள் வண்டிக்கு. அங்கே டிராவல் ட்ரெய்லர்களின் கதவு பொதுவாக 26 அல்லது 30 அங்குலம், அதாவது 66 அல்லது 76 செ.மீ. படிகளும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. உங்கள் கேரவன், அது ஸ்பிரைட்டோ ஜிப்சியோ ஜர்கன்ஸோ, 60 செ.மீ.யை எட்டாத கதவோடு இருந்தால் பேச்சே இல்லை. படியைக் குறுக்க முடியாது, நிலையை அகலப்படுத்துவது சுவரை அறுக்கிற வேலை. கதவு அகலம் ஒத்துவந்தாலும், மடித்த படி நிற்க நிலைக்கு உள்பக்கம் இடம் வேண்டும். கதவை ஒட்டிச் சமையல் மேடையோ அலமாரியோ இருந்தால் ஒரு விரல் அகலத்தில் மாட்டிக்கொள்ளும். பேப்பர் அட்டையை மடித்த படியின் அகலத்துக்கும் உயரத்துக்கும் கனத்துக்கும் வெட்டி ஒட்டி, வாசலில் நிறுத்தி, கதவையும் கொசுவலைக் கதவையும் மூடிப் பார்த்த பிறகே ஆர்டர் கொடுங்கள்.

இடம் வலமும் ஒரு விஷயம். அமெரிக்க வண்டிகளின் வாசல் வலப்பக்கம், நம்முடையது இடப்பக்கம். படிக்கட்டுக்கு அதனால் கேடில்லை. ஆனால் கைப்பிடியையும் கதவுக் கீலையும் நினைத்து ஒரு பக்கமாக வரும் பாகங்கள் இருந்தால் மாற்றிப் போட முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சரக்குக் கட்டணம், சுங்கம், அதன்மேல் 15 சதவீத வாட் என்று துறைமுகத்தைத் தாண்டி வரும்போது விலை ஊரில் பார்த்த விலையாக இருக்காது.

அளவு பொருந்திவிட்டது என்றால் அடுத்த கேள்வி நிலைப்படி. வாசல்தான் எந்தக் கேரவனிலும் முதலில் மக்கும் இடம். மழையில் நனைந்த கால்கள், கசியும் கதவு ரப்பர், கடலிலிருந்து வரும் ஈர மணல் எல்லாம் அங்கேதான் சேரும். கம்பளத்தையோ வினைலையோ தூக்கிவிட்டு, கூரான திருப்புளியால் பத்து இடத்தில் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் போவதுபோல் போனால், முதலில் அந்தப் பலகையை வெட்டி மாற்ற வேண்டும். மக்கிய பலகையில் கனமான படியை மரத்திருகால் பிடித்தால் ஒரு பருவத்தில் திருகெல்லாம் கையோடு வந்துவிடும். நல்ல பலகையானாலும் மரத்திருகை நம்பாமல் தளத்தைத் துளைத்துச் செல்லும் போல்ட் போட்டு, அடியில் இரண்டு குறுக்குச் சட்டங்களின் மேல் அமரும் அளவுக்கு நீளமான 40 மி.மீ. ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) ஒன்றைக் கொடுப்பதே சரி. துளையின் உள்சுவரில் எபாக்ஸி தடவி ஈரத்தை அடைத்து, தலைக்கடியில் பாலியூரித்தேன் சீலன்ட் வையுங்கள். சிலிக்கோன் வேண்டாம். ஒருமுறை சிலிக்கோன் பட்ட இடத்தில் பிறகு பெயிண்டோ வேறு சீலன்ட்டோ ஒட்டாது.

தினசரிப் புழக்கத்தில் இரண்டு தொல்லைகள் உண்டு. வழியில் நிறுத்தி உள்ளே ஏற வேண்டுமென்றால் மொத்தப் படிக்கட்டையும் இறக்க வேண்டும், சாலையோரச் சரிவில் கால்கள் தரையைத் தொடாது. இன்னொன்று, ஈரச் சேற்றோடு மடித்தால் அத்தனையும் உள்ளே சொட்டும். ட்ராக்கன்ஸ்பர்க் மலையில் கோடை மாலை இடிமழையை அறிந்தவர்களுக்கு இது புரியும். மடிக்குமுன் துடைக்க ஒரு பிரஷ்ஷும், உள்ளே விரிக்க ரப்பர் பாயும் கட்டாயம். நிலைப்படியில் உட்காராதே, மிதிக்காதே என்று சொல்லி வளர்த்தவர்களின் வீட்டுப் படிக்கட்டு நிலைப்படி மேலேயே ஏறி உட்கார்ந்திருப்பதை ஆயாக்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது தனிக் கதை.

கால்களை இறக்குவதிலும் முறை இருக்கிறது. முதலில் வண்டியைச் சமன் செய்து மூலைத் தாங்கிகளை இறுக்கமாக இறக்க வேண்டும், அதன் பிறகே படியின் கால்களுக்கு ஊசி போட வேண்டும். மாற்றிச் செய்தால், நாலு பேர் உள்ளே போனதும் வண்டி ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு செ.மீ. அமரும், படி நடுவில் மாட்டி நிலைப்படியை நெம்பும். சோட்வானா பே போன்ற மணல் முகாமில் 5 செ.மீ. சதுரக் கால் உளி மாதிரி இறங்கிவிடும். ஐம்பது கிலோ ஒரு காலில் வந்தால் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 2 கிலோ. அதையே 20 செ.மீ. சதுரமான 18 மி.மீ. பிளைவுட் துண்டின் மேல் நிறுத்தினால் 125 கிராம்தான். இரண்டு துண்டை வெட்டி, பெயிண்ட் அடித்துப் படியோடேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, கதவு அகலமாகவும் தளம் உயரமாகவும் இருக்கிற வண்டிக்கு இது நல்ல பொருள். 50 செ.மீ.க்குள் தளம் இருக்கிற வழக்கமான கேரவனுக்கு இது வேலைக்காரனுக்கு மேல் மேஸ்திரி.

வெல்டர் செய்து தரும் படி

டர்பன் வட்டாரத்தில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் எங்கும் இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்யும் வெல்டர்கள் இருக்கிறார்கள். சரியான படம் கொடுத்தால் கடைப் படியை மிஞ்சும் படி செய்து தருவார்கள். படம் கொடுக்காமல் ‘ஒரு ஸ்டெப் செய்யுங்க அண்ணே’ என்றால் கோட்டைக் கதவு எடையில் ஒன்று வரும்.

எடை விளையாட்டில்லை. லைசென்ஸ் வட்டில் டேர் (வெற்று வண்டியின் எடை), ஜி.வி.எம். (சுமையோடு அனுமதித்த உச்ச எடை) இரண்டும் அச்சடித்திருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய மொத்தச் சுமை, படியும் அதில் சேரும். வாசல் அச்சுக்குப் பின்னால் இருந்தால் கொக்கி மேல் விழும் மூக்கு எடையும் குறையும். அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் 15 கிலோ கூடினால், கொக்கி 4 மீட்டர் முன்னால் இருக்கும் வண்டியில் மூக்கு எடை ஏழரைக் கிலோ குறைகிறது. ஏற்கெனவே மூக்கு இலேசான வண்டி என்றால் வான் ரீனன் கணவாய் இறக்கத்தில் வால் ஆட்ட அதுவே ஒரு காரணமாகலாம்.

சட்டத்துக்கு 25 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. கனம் போதும். குழாயின் இரு முனைகளிலும் துளை விடச் சொல்லுங்கள். சூடான துத்தநாகத் தொட்டியில் முக்கும்போது அடைபட்ட குழாய்க்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும், துளை இல்லாத பொருளைக் கால்வனைஸ் பட்டறை வாங்கவே மாட்டார்கள். எல்லாத் துளையும் வெல்டிங்கும் முடிந்த பிறகே முக்க வேண்டும். பூச்சு கனம் சேர்வதால் எம்10 போல்ட்டுக்கு 11 அல்லது 12 மி.மீ. துளை விடுங்கள்.

கடலோரத்தில் தங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இந்தப் பூச்சின் கனம்தான். பளபளவென்று கடையில் மின்னும் மின்முலாம் போட்ட போல்ட்டில் துத்தநாகம் பொதுவாக ஐந்து முதல் பன்னிரண்டு மைக்ரான். சூடாக முக்கி எடுத்த 3 முதல் 6 மி.மீ. கனத்து இரும்பில் சராசரி 70 மைக்ரான். உப்புக் காற்று முதலாவதை ஒரு மழைக்காலத்தில் தின்றுவிடும். அலுமினியத் தட்டை இரும்புச் சட்டத்தில் நேரடியாக வைத்தால் உப்புநீர் நடுவில் புகுந்து அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். நடுவே நைலான் வாஷரோ ரப்பர் பட்டையோ கொடுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட் என்றால் 316 தரம். 304 கடலோரத்தில் தேநீர்க் கறை போலப் பழுப்பேறும். ஸ்டெயின்லெஸ் நட்டை மெஷினால் வேகமாக இறுக்கினால் மரையோடு மரை ஒட்டிப் பூட்டிக்கொள்ளும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையில் ஒட்டுத்தடுப்புப் பசை தடவி, கையால் நிதானமாகத் திருகுங்கள்.

வண்டியின் சேஸிஸோடு (அடிச்சட்டத்தோடு) படியை வெல்டு செய்ய விடாதீர்கள். கால்வனைஸ் எரிந்த இடத்தில் துரு பிடிக்கும், எரியும் துத்தநாகப் புகை வெல்டருக்குக் காய்ச்சல் கொடுக்கும். ஆல்கோ சேஸிஸ் என்றால் வெல்டும் கூடாது, துளையும் கூடாது என்பது அந்த நிறுவனத்தின் கண்டிப்பான விதி. அதற்குக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் மட்டுமே. மற்ற சேஸிஸில் துளை போட்டாலும் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் போடாமல், உயரத்தின் நடுப்பகுதியில் போட வேண்டும். வளையும் சுமையை விளிம்புகள்தான் சுமக்கின்றன. நடுப்பகுதிக்கு அந்த வேலை குறைவு. பெட்டிக் குழாய் சட்டமாக இருந்தால் உள்ளே ஒரு குழாய்த் துண்டைச் செருகி அதன் வழியே போல்ட் விடுங்கள், இல்லையேல் இறுக்க இறுக்கக் குழாய் நசுங்கும். 8.8 தரத்து எம்10 போல்ட்டுக்கு 45 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். துளை போட்ட விளிம்பில் பிசிர் நீக்கி உடனே துத்தநாகப் பெயிண்ட் வையுங்கள்.

தட்டும் கைப்பிடியும்

தட்டுக்கு வெல்டர் முதலில் காட்டுவது ஃபாஸ்ட்ராப் (ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ‘உறுதியாக மிதி’) தகடு, அதாவது மேலே கோடு கோடாகப் புடைத்தது. பேரில் பிடிப்பு இருக்கிறதே ஒழிய ஈரத்தில் வழுக்கும். சோப்புத் தண்ணீர் பட்டால் கேட்கவே வேண்டாம். துளை போட்டு விளிம்பு உயர்த்திய தகடு நன்றாகப் பிடிக்கும், மணலும் கீழே கொட்டிவிடும். விரித்த வலைக் கம்பித் தகடும் பிடிக்கும், ஆனால் குளித்துவிட்டு வெறுங்காலோடு வருகிற பிள்ளைகளுக்குக் குத்தும், புடவைக் கரையையும் இழுத்துப் பிடிக்கும். புடவை கட்டியவர்கள் ஏறுகிற படியில் போல்ட்டின் தலை வெளியே நீட்டக் கூடாது. குவிந்த தலை போல்ட்டை வெளிப்பக்கமும் நட்டை உள்பக்கமும் வையுங்கள். ஒட்டும் மணல் பட்டை போடுவதாக இருந்தால் தட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். கூர் மூலைதான் முதலில் உரியும்.

வயதானவர்களுக்குப் படியைவிடக் கைப்பிடிதான் முக்கியம். தட்டிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் கை அகப்பட வேண்டும். கேரவன் சுவர் என்பது மெல்லிய தோலும் நடுவில் தெர்மகோலும்தான். வெறும் திருகால் பிடித்த கைப்பிடி, ஒருவர் நிஜமாகவே தடுமாறி முழு எடையையும் போடும் அன்றைக்குத்தான் பிய்ந்து வரும். படியின் சட்டத்திலிருந்தே எழும் கம்பி, அல்லது கதவு நிலையின் சட்டத்தில் போல்ட் போட்ட கைப்பிடி, இந்த இரண்டில் ஒன்றுதான்.

இரவில் அடியில் மடங்கும் படியை உள்ளே தள்ளிவிடுகிற பழக்கம் நல்லது, இருட்டில் முழங்காலில் இடிக்காது. குரங்கு ஏறிவிடும் என்பதற்காக மடிக்கிறவர்களும் உண்டு. குவாசுலு-நேட்டால் குரங்குகளுக்குப் படி தேவைப்பட்டதாக யாரும் பார்த்ததில்லை, கதவைப் பூட்டுங்கள்.

புதுப் படி மாட்டிய பிறகு முதல் நூறு கிலோமீட்டரில் ஒருமுறையும் முதல் மண் சாலைக்குப் பின் ஒருமுறையும் ஒவ்வொரு நட்டிலும் ஸ்பானரைப் போட்டுப் பாருங்கள். இறுக்கிய அன்றே நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த முறை குனிந்து பார்த்தாலே எது கழன்றிருக்கிறது என்று தெரியும். குறுக்கு ஊசிகளில் இரண்டை உபரியாக வாங்கி, சமையல் இழுப்பறையில் கரண்டிகளோடு போட்டு வையுங்கள்.